பரணில் கிடக்கும் ‘அந்த’ப் புத்தகங்கள்

(வாசகர் கேள்விகளுக்கு, வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற நூலகர் பதில் சொல்கிறார்)

கேள்வி: ஐயா, என் அப்பா வேலூர் லாங் பஜார் பக்கம் வாடகை நூல் நிலையம் நடத்தினார். அவர் காலமான பிறகு பரணை ஒழித்தபோது டிரங்குப் பெட்டி நிறைய ‘வயது வந்தோருக்கு மட்டும்’ ரகப் பத்திரிகைகள். அம்மா கொளுத்தச் சொல்கிறார். மகன், ஸ்கேன் செய்து பட்டியல் போடலாம் என்கிறான். பாதிக்கு மேல் தேதியே இல்லை. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: கொளுத்தாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா, நாடக நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும்கூடக் குப்பை என்று ஒதுக்காமல் சேர்த்தவர். அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் 1994ல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. உங்கள் பெட்டியில் இருப்பதும் அச்சுத் தொழிலின் வரலாறுதான். என்ன, மாமியார் எதிரில் பிரிக்க முடியாது.

ஸ்கேனருக்கு முன்னால் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். தேதி இல்லையென்றால் முகவரியைப் பாருங்கள். வெறும் ‘சென்னை-5’ என்றிருந்தால் பழசாக இருக்கலாம். ‘600005’ என்று ஆறு இலக்கம் வந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது, பின்கோடு அன்றுதான் வந்தது. விலை ‘ந.பை.’ (நயா பைசா) என்றால் 1957க்கும் 1964க்கும் நடுவில். அடுத்தது எழுத்து. துதிக்கைபோல் சுழித்த பழைய லை, னை எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணையோடு மாறின. ஆனால் சின்ன அச்சகக்காரர் கையிலிருந்த ஈய எழுத்தைத் தூக்கி எறிந்தாரா என்ன? தேயும்வரை ஓட்டினார். அதனால் பழைய எழுத்தை மட்டும் நம்பி ஆண்டு போடாதீர்கள். புது எழுத்து இருந்தால் பெரும்பாலும் 78க்குப் பிந்தியது என்று துணிந்து எழுதலாம். (பெரியாரின் ஏடுகள் 1935லேயே மாறிவிட்டன, ஆனால் உங்கள் பெட்டியில் அவை இருக்க வாய்ப்பில்லை!)

உங்கள் அப்பாவின் ரப்பர் ஸ்டாம்பை விட்டுவிடாதீர்கள். வெறும் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றிருந்தால், 1989 செப்டம்பரில் திருவண்ணாமலை பிரிவதற்கு முன் செய்த ஸ்டாம்ப். ‘அம்பேத்கர்’ சேர்ந்திருந்தால் அதற்குப் பின். ஸ்டாம்பின் வயது வேறு, புத்தகத்தின் வயது வேறு என்பதால் நோட்டில் தனிக் கட்டம் ஒதுக்குங்கள். அட்டை ஓவியர் கையெழுத்து, அச்சகப் பெயர், கடைசிப் பக்க விளம்பரம் மூன்றையும் குறியுங்கள். ‘இழந்த வாலிபத்தை’ மீட்டுத்தர மாதாமாதம் லாட்ஜில் முகாம் போட்ட வைத்தியரின் விளம்பரத்தை, நாளை ஓர் ஆய்வாளர் கதைகளைவிட ஆசையாகப் படிப்பார்.

ஸ்கேன் எளிது: எழுத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), படத்துக்கு 400. மெல்லிய தாள் என்றால் பின்னால் கறுப்பு அட்டை வையுங்கள், மறுபக்கத்து எழுத்து தெரியாது. அச்சுப் புள்ளிகளால் படத்தில் அலை அலையாகக் கோடு விழுந்தால் ஸ்கேனரில் ‘டீஸ்கிரீன்’ என்ற வசதியைப் போடுங்கள். ஆனால் மூலப் பிரதியை, அந்த வசதியைப் போடாமலே, டிஃப் (TIFF, தரம் குறையாத பட வடிவம்) கோப்பாகச் சேமியுங்கள். கோப்புப் பெயர் ‘பத்திரிகை_ஆண்டு_மாதம்_பக்கம்’. ஆண்டு ஊகம் என்றால் பக்கத்தில் ‘ஊ’ என்று சேருங்கள்.

கேள்வி: இப்படி ஸ்கேன் செய்ததை இணையத்தில் போடலாமா ஐயா? – ராணிப்பேட்டை வாசகி

பதில்: போடாதீர்கள் அம்மா. ஆபாசமானதை விற்பது, வாடகைக்கு விடுவது, பரப்புவது எல்லாம் குற்றம்; பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 292வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 294. இணையத்தில் என்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 67வது பிரிவு; முதல் தடவைக்கே 3 ஆண்டு வரை சிறை. கலை, ஆய்வு என்று விதிவிலக்கு உண்டு, ஆனால் அதை நீதிமன்றத்தில் நின்று நிரூபிக்க வேண்டும். பதிப்புரிமை தனிக் கதை: ஆசிரியர் இறந்து 60 ஆண்டு, புனைபெயர் என்றால் வெளிவந்ததிலிருந்து 60. பட்டியலை மட்டும் பகிருங்கள். சிறார் படம் ஏதாவது தென்பட்டால் ஸ்கேனும் வேண்டாம், பெட்டியில் வைத்திருக்கவும் வேண்டாம். வக்கீலைக் கேட்டு அகற்றுங்கள்.

கேள்வி: பின் துருப்பிடித்து நடுப்பக்கம் கிழிகிறதே? – குடியாத்தம் வாசகர்

பதில்: பின்னை இழுக்காதீர்கள். நடுப்பக்கத்தில் மடங்கியிருக்கும் இரு கால்களையும் மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, அட்டைப் பக்கமிருந்து தூக்குங்கள். பிறகு பருத்தி நூலால் தையல் போதும். செல்லோ டேப்பும் லேமினேஷனும் கூடாது. சித்திரை வெயிலில் தகர ஷீட்டுக்குக் கீழே உள்ள பரணில் திரும்ப வைக்காதீர்கள். கட்டிலுக்கடியில் வையுங்கள், தரையிலிருந்து அரையடி உயரத்தில். குடியாத்தத்துக் கரையானைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?