மேல் வரிசை பளபள, கீழ் வரிசை கொழகொழ

கேள்வி: பெட்டில அடைச்ச ஸ்ட்ராபெரி வாங்கினேன். மேல செக்கச்செவேல்னு இருந்துச்சு, வீட்டுக்கு வந்து கொட்டினா அடியில பாதி பூசணம். கடையில கேட்டா "பாத்துதானே எடுத்தீங்க"ங்கறாங்க.

பதில்: மூடி ஒட்டின பெட்டியை எப்படிங்க உள்ள பாத்து எடுக்கறது? தப்பு உங்க மேல இல்ல. கொட்டின உடனே ஒரு போட்டோ எடுத்து, பில்லோட அன்னிக்கே போய் கேளுங்க, மறுநாள் போனா "உங்க ஃப்ரிட்ஜ்ல கெட்டிருக்கும்"னு முடிச்சிடுவாங்க. இனிமே பெட்டியைத் தூக்கி அடியைப் பாருங்க, சாறு கசிஞ்சிருந்தாலோ, ஆட்டும்போது பழம் அசையாம ஒட்டிக்கிட்டு இருந்தாலோ வச்சிட்டு வந்துடுங்க. காம்புகிட்ட வெள்ளையா இருந்தாலும் வேண்டாம், பறிச்சப்புறம் ஸ்ட்ராபெரி இனிப்பு ஏறாது, வாழைப்பழம் மாதிரி வீட்ல வச்சு பழுக்க வைக்கற கதையெல்லாம் இதுகிட்ட நடக்காது. எனக்கு எப்படி தெரியும்னா, ஒரு பெட்டி செர்ரியை அப்படியே குப்பையில கொட்டின அன்னிக்குதான் அடியைப் பாக்கவே கத்துக்கிட்டேன்.

கேள்வி: சலுகைன்னு 5 கிலோ தக்காளி வாங்கினேன், வீட்ல ரெண்டே பேர். நாலு நாள்ல அழுகிடுச்சு. காசைத் திரும்ப கேக்கலாமா?

பதில்: கேக்கலாம், உங்ககிட்டயே.

கேள்வி: தண்ணி சொட்டச் சொட்ட இருக்கற கீரைதான் ஃப்ரெஷ்ஷுன்னு வாங்கறேன், ரெண்டு நாள்ல கொழகொழன்னு ஆயிடுது. ஏன்?

பதில்: வாங்க, இந்தக் கேள்விக்குதான் காத்துக்கிட்டு இருந்தேன். ஈரம் வேற, புதுசு வேற. பறிச்ச கீரை தன்கிட்ட இருக்கற தண்ணியை இலை வழியா விட்டுக்கிட்டே இருக்கும், அதனாலதான் வாடுது, லேசா தண்ணி தெளிச்சா கொஞ்ச நேரம் தாங்கும், அதை நான் குத்தம் சொல்லல. ஆனா வாளியில முக்கி எடுத்து நேரா தராசுல வைக்கறாங்க பாருங்க, அங்க கீரை விலைக்கு தண்ணி விக்குது. ஒரு தடவை பில்லுல 500 கிராம்னு இருந்த கட்டை வீட்ல நல்லா உதறி, பழைய துண்டுல கொஞ்ச நேரம் பரப்பி வச்சு எடை போட்டுப் பாத்தேன், 430. மிச்சத்தை துண்டு குடிச்சிடுச்சு, காசு நான் குடுத்தேன். அதோட போச்சா? அந்த ஈரத்தோட கவரை முடிச்சுப் போட்டு ஃப்ரிட்ஜ்ல தள்ளினா இலைக்கு நடுவுல நிக்கற தண்ணியில கிருமி பெருகி அழுகும், அதான் உங்க கொழகொழ. இலையோட மினுமினுப்பை விடுங்க, தண்டு வெட்டின இடத்தைப் பாருங்க, காய்ஞ்சு பழுப்பேறியிருந்தா பழசு. "உதறிட்டு போடுங்க"ன்னு சொல்லுங்க, முறைப்பாங்க, முறைக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் துணியில சுத்தி வைங்க, பழுத்த வாழைப்பழம் பக்கத்துல மட்டும் வேண்டாம், அதுலேர்ந்து வர்ற எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கிடும்.

கேள்வி: காய்கறி கழுவற மெஷின் வாங்கலாமா?

பதில்: என்கிட்ட ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள துணி கிளிப்பைப் போட்டு வச்சிருக்கேன், வேணும்னா எடுத்துக்கங்க. குழாயைத் திறந்துவிட்டு கையால தேய்ச்சுக் கழுவுங்க, போதும்.

கேள்வி: குடும்பத்தோட வெளிய சாப்பிடப் போனோம். மெனுல மீனுக்கு நேரா "அன்றைய விலை"ன்னு மட்டும் போட்டிருந்துச்சு. மீன் அருமை, ஆனா பில் வந்ததும் யாருக்கும் பேச்சே வரல.

பதில்: அந்த மாதிரி ஒரு மேசையில நானும் உக்காந்திருக்கேன், ஐஸ்கிரீம் கேட்ட பையனை எல்லாரும் சேந்து அடக்கினோம். விலையை எழுதாம விடறவங்க மேலதான் எனக்கு கோவம், நல்ல சாப்பாட்டை ரசிச்ச உங்க மேல இல்ல. அடுத்த தடவை ஆர்டர் சொல்றதுக்கு முன்னாடி இன்னிக்கு விலை என்ன, அது எத்தனை கிராமுக்கு, எடை போடறது சமைக்கறதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டுடுங்க, தலை, குடல் எல்லாம் சேத்து முழு மீனா எடை போடற இடங்கள் இருக்கு. மீனைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்க, கண்ணு தெளிவா, செவுள் நல்ல சிவப்பா இருக்கணும். காட்டவே மாட்டேன்னா வேற ஏதாவது சாப்பிட்டுக்கலாம்.

கேள்வி: ஆப்பிளை நகத்தால சுரண்டினா மெழுகு வருது. மோசடியா?

பதில்: இல்லைங்க. ஆப்பிள் தோல்ல தானாவே மெழுகு உண்டு, கழுவும்போது அது கொஞ்சம் போயிடுதுன்னு சாப்பிடக்கூடிய மெழுகை மேல பூசறாங்க. பளபளப்பைப் பாத்து கூட காசு குடுத்திருந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல.

கேள்வி: நாமளே பறிச்சுக்கற பண்ணைக்குப் போய் தக்காளி பறிச்சோம். நுழைவுக் கட்டணத்தையும் சேத்தா கடையை விட கிலோவுக்கு ஜாஸ்தி. ஏமாந்துட்டேனா?

பதில்: வெயில்ல வெதுவெதுன்னு இருக்கற பழத்தைப் பிச்சு, சட்டையில துடைச்சு, அங்கயே நின்னு கடிச்சீங்களா, சாறு முழங்கை வரைக்கும் வழிஞ்சுதா? அப்ப ஏமாறல, அதையும் கணக்குல சேத்துக்கங்க. கட்டணத்தை வாசல்ல சொல்லாம கூடை நிறைஞ்சப்புறம் சொல்லியிருந்தா மட்டும் சண்டை போடுங்க, நானும் உங்க பக்கம். அப்புறம் அந்தப் பழத்தை ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, குளிர்ல தக்காளியோட வாசனை போயிடும். நான் ஒரு கூடையை அப்படியே உள்ள வச்சேன், ரெண்டு நாள் கழிச்சு எடுத்து கடிச்சுப் பாத்தா கடைத் தக்காளி.