அமெரிக்க உயர்நிலைப் பள்ளியின் ஆனர்ஸ் பிசிக்ஸ்: என்ன எதிர்பார்ப்பார்கள்?

அடுத்த ஆண்டு மகள் ஆனர்ஸ் பிசிக்ஸ் (வழக்கமானதைவிடக் கடினமான இயற்பியல் வகுப்பு) எடுக்கப்போகிறாள், எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்வது பெரிதாக உதவாது. பல பள்ளிகளில் தேர்விலேயே சூத்திரத் தாள் தந்துவிடுவார்கள். விடைக்கு வந்த வழியைத்தான் பார்ப்பார்கள். விசைப் படம் (பொருளின் மீதுள்ள விசைகளை அம்புகளாகக் காட்டும் படம்) வரைந்து, தெரிந்ததை அலகோடு குறித்து, சமன்பாட்டை எழுத்துகளிலேயே தீர்த்துவிட்டு, கடைசியில் எண்களைப் போடப் பழகட்டும்.

என்னைக் கேட்டால் ஆய்வகம்தான் இந்த வகுப்பின் உயிர். 1 மீட்டர் ஊசல் ஒருமுறை ஆடிவர ஏறக்குறைய 2 வினாடி ஆகும். ஸ்டாப்வாட்ச்சை அழுத்தும் விரல் 0.2 வினாடி பிந்தினாலே 10 சதவீதப் பிழை. அதே பிந்தலோடு 20 ஆட்டங்களைச் சேர்த்து அளந்து வகுத்தால் பிழை 0.5 சதவீதமாகச் சுருங்கிவிடும். இதை யோசித்து அறிக்கையில் எழுதும் பிள்ளை பாடத்தைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் கணிதம். பெரும்பாலும் கால்குலஸ் தேவைப்படாது. ஆனால் சைன், கொசைனில் தடுமாறினால் சாய்தளக் கணக்குகளில் சிக்கிக்கொள்வாள். கோடை விடுமுறையில் அதை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.