இனிப்புநீர் மாத்திரையால் சளி பிடிக்குமா?

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவுக்கு 61 வயது. இனிப்புநீருக்கு மெட்ஃபோர்மினோடு இப்போது சித்தாகிளிப்டினும் சாப்பிடுகிறார். அது தடுக்கும் டிபிபி-4 நொதி நோய் எதிர்ப்பு அணுக்களிலும் உண்டாமே? தொடங்கிய பிறகு இரண்டு முறை சளிக்காய்ச்சல். நிறுத்திவிடலாமா?"

நிறுத்த வேண்டாம், சகோதரி. நீங்கள் படித்தது சரிதான். அதிலிருந்து பிறந்த பயம்தான் சரியில்லை.

டிபிபி-4, உயிரணுச் சவ்வில் காலூன்றி வெளியே தலைநீட்டி நிற்கும் புரதவெட்டி. வெற்றிலை போடுகிறவர்கள் காம்பைக் கிள்ளிப் போடுவார்களே (பினாங்குக்குப் பெயரே பாக்கிலிருந்து வந்ததுதான்), அதுபோல இதுவும் புரதத்தின் நுனியில் இரண்டே அமினோ அமிலங்களைக் கிள்ளும். காம்பு போனால் வெற்றிலைக்கு நட்டமில்லை. புரதத்துக்கோ சில சமயம் உயிரே போனமாதிரி. இன்சுலினைத் தூண்டும் ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோன் இப்படித்தான் ஓரிரு நிமிடத்தில் பாதியாகிவிடுகிறது. அதைக் காப்பாற்றத்தான் உங்கள் அம்மாவின் மாத்திரை.

இனி எதிர்ப்புச் சக்திக்கு வருவோம். வைரஸ் புகுந்ததும் உடல் சிஎக்ஸ்சிஎல்10 என்ற அழைப்புப் புரதத்தை விடும். அந்தத் தடம் பிடித்து, முதல் வரிசைக் காவலர்களான என்கே அணுக்களும் பின்னால் டி அணுக்களும் வந்து சேரும். டிபிபி-4 இந்த அழைப்புப் புரதத்தின் நுனியைக் கிள்ளிவிட்டால், அது அந்த அணுக்களின் ஏற்பியில் (அழைப்பை வாங்கும் இடத்தில்) போய் உட்காரும். ஆனால் அணுவை நகர்த்தாது. நல்ல அழைப்புக்கு உரிய இடத்தையும் அடைத்துக்கொள்ளும். ஆக, நொதியைத் தடுத்தால் இந்த அழைப்பு கெடாமல் நிற்கவே வாய்ப்பு அதிகம். அதற்காக எதிர்ப்புச் சக்தி கூடும் என்றும் சொல்லமாட்டேன். இந்த நொதி கிள்ளும் புரதங்கள் பல.

தொடக்க ஆய்வுகளில் மூக்கு, தொண்டைத் தொற்று சற்றே கூடுதலாகத் தெரிந்தது உண்மை. மருந்துத் தாளில் அதைப் படித்துத்தான் பலர் கலங்குகிறார்கள். பிறகு ஆயிரக்கணக்கானோரிடம் நடந்த ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை.

என் சந்தேகம் சர்க்கரை மேல்தான். அளவு ஏறியே இருந்தால் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்குவதில் சோர்ந்துபோகும். நம் ஊர் மண்ணிலும் சேற்றிலும் வாழும், மெலியோய்டோசிஸ் என்ற கடும் தொற்றுநோயைத் தரும் கிருமி இனிப்புநீர்க்காரர்களைத் தேடிப் பிடிப்பதும் அதனால்தான். அம்மா வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்குகிறவர் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள்.

இந்த மாத்திரை சாப்பிடும்போது முதுகுவரை பரவும் கடும் வயிற்றுவலி, தோலில் நீர்க்கொப்புளம், புதிதாக வந்த கடும் மூட்டுவலி, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். மற்றபடி சளி வந்த தேதிகளையும் அந்த நாள்களின் சர்க்கரை அளவையும் குறித்து அடுத்த முறை கிளினிக்குக் கொண்டுபோங்கள். ஃப்ளூ தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.