டோர்னமெண்ட் லிஸ்ட்டோடு வருகிற நண்பரை என்ன செய்வது?

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஐந்து பேர் ஞாயிறுதோறும் வார்ஹாமர் 40,000 ஆடுகிறோம். சிறு பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்திப் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு அது. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு பாயின்ட் விலை உண்டு, ஆளுக்கு 1000 பாயின்ட். ஒருவர் மட்டும் இணையத்தில் பார்த்த டோர்னமெண்ட் லிஸ்ட்டை (போட்டிக்கான படைப் பட்டியலை)ப் பின்பற்றி டாங்கிகளாகவே இறக்குகிறார். இரண்டாம் ரவுண்டிலேயே ஆட்டம் முடிந்துபோகிறது. இருவர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். டாங்கிக்குத் தடை போடலாமா?

பதில்: தடை வேண்டாம். டாங்கியைத் தடுத்தால் அடுத்த வாரம் அறுபது காலாள் வருவார்கள், பிறகு அதற்கும் ஒரு தடை போட வேண்டிவரும். அவர் விதி எதையும் மீறவும் இல்லை. 2023இல் வந்த பத்தாம் பதிப்பின்படி ஒரே யூனிட்டை (படைப்பிரிவை) மூன்று முறை எடுக்கலாம், பேட்டில்லைன் எனப்படும் அடிப்படைப் பிரிவு என்றால் ஆறு. ஆனால் அந்த லிஸ்ட், எதிராளியும் அதே அளவுக்குத் தயாராக வரும் களத்துக்காக எழுதப்பட்டது. உங்கள் ஞாயிற்றுக்கிழமை அப்படிப்பட்ட களம் இல்லை என்பதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள்.

ஆட்டம் ஏன் இரண்டாம் ரவுண்டிலேயே சாய்கிறது? கார்ட்ஸ்மேன் என்ற சாதாரண காலாள் லாஸ்கன் துப்பாக்கியால் லேண்ட் ரெய்டர் என்ற கனத்த டாங்கியைச் சுடுகிறார் என்று வையுங்கள். பகடையில் 4+, அதாவது 4 அல்லது அதற்கு மேல், விழுந்தால் குறி தப்பாது. வண்டியின் டஃப்னஸ் (உறுதி) 12 என்பதால் 6 விழுந்தால்தான் காயம். அதையும் வண்டிக்காரர் உருட்டும் 2+ சேவ் (கவசத் தடுப்பு) தடுக்கும். மூன்றையும் பெருக்கினால் 72 ஷாட்டுக்குச் சராசரியாக ஒரு வூண்ட் (உயிர்ப்புள்ளி) கழியும். வண்டிக்கு இருப்பதோ 16. அதே வண்டியை 3+இல் அடிக்கும் லாஸ்கேனன் என்ற டாங்கி எதிர்ப்பு ஆயுதம் சுட்டால், ஏறக்குறைய ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு வூண்ட் கழியும். 2000 பாயின்ட் படையில் டாங்கியை உடைக்கவும் கூட்டத்தை அழிக்கவும் இரண்டு வகை ஆயுதத்துக்கும் இடம் இருக்கும். 1000இல் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் இடம். எதிராளி என்ன கொண்டுவருவார் என்று தப்பாக ஊகித்தவர் லிஸ்ட் எழுதும்போதே தோற்றுவிடுகிறார்.

ஆகவே ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப்பில் லிஸ்ட்டைப் பரிமாறிக்கொள்ளுங்கள், பார்த்த பிறகு இருவரும் 200 பாயின்ட் வரை மாற்றிக்கொள்ளலாம் என்று வையுங்கள். 1000 பாயின்ட் ஆட்டத்தில் பேட்டில்லைன் அல்லாத யூனிட் எதுவும் இரண்டுக்கு மேல் கூடாது, டஃப்னஸ் 10க்கு மேற்பட்ட வண்டியும் இரண்டுக்கு மேல் கூடாது என்பது ஐவருக்கும் பொதுவாக இருக்கட்டும். விளையாட்டை வெளியிடும் நிறுவனம் பாயின்ட் விலையை அவ்வப்போது மாற்றுகிறது. பழைய லிஸ்ட்டைப் பார்த்து எழுதினால் கூட்டுத்தொகை தவறியிருக்கலாம், அதையும் அப்போதே சரிபாருங்கள்.

இதைவிடப் பெரிய குறை உங்கள் மேசையில் இருக்கக்கூடும். வீட்டு ஆட்டங்களில் டெர்ரெய்ன் (மேசையில் வைக்கும் சுவர், இடிபாடு போன்ற மறைவுகள்) பெரும்பாலும் போதாது. 44க்கு 60 அங்குல மேசையில் நாலு புத்தகமும் இரண்டு டப்பாவும் வைத்தால் டாங்கி எல்லாவற்றையும் பார்க்கும், முதல் ரவுண்டிலேயே பாதிப்படை போய்விடும். 12க்கு 6 அங்குல அடித்தளத்தில் எல் வடிவச் சுவர் வைத்த இடிபாடுகள் எட்டாவது செய்யுங்கள், இரண்டை நடுவில் வையுங்கள். சுவரின் உயரம் உங்களிடம் உள்ள பெரிய டாங்கியைவிட ஓர் அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும், கீழ்த்தளத்தில் ஜன்னல் வெட்டாதீர்கள். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் 5 மி.மீ. ஃபோம் போர்டு போதும். அட்டைப்பெட்டி என்றால் இரண்டு பக்கமும் பெயின்ட் அடியுங்கள், ஒரு பக்கம் மட்டும் அடித்தால் நம் கடற்கரை ஈரத்தில் வளைந்துவிடும். தெர்மகோலில் நேரடியாக ஸ்ப்ரே அடித்தால் கரைந்து குழியாகும். முதலில் ஃபெவிக்கால் கலந்த அக்ரிலிக்கைப் பிரஷ்ஷால் பூசிக் காயவிடுங்கள்.

அடுக்கி முடித்ததும் டாங்கியை அதன் மூலையில் வைத்து, அதன் கண் மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள். எதிராளி தொடக்கத்தில் படையை நிறுத்தும் டிப்ளாய்மென்ட் பகுதியில் பாதிக்கு மேல் தெரிந்தால் இன்னொரு சுவர் வேண்டும்.

மறைவு கிடைத்தால்தான் தோற்கிறவர்களுக்கு அடுத்த வழி திறக்கும். வெற்றிக்கான பாயின்ட் எடுப்பது ஆப்ஜெக்டிவ்வை, அதாவது மேசையில் மார்க்கர் வைத்துக் குறித்த இடத்தை, பிடிப்பதில். கூட்டுத்தொகை அதிகம் உள்ளவருக்கே இடம் சேரும். கார்ட்ஸ்மேன் ஒருவருக்கு ஆப்ஜெக்டிவ் கன்ட்ரோல் (இடம்பிடிக்கும் மதிப்பு) 2, பத்துப் பேர் நின்றால் 20. லேண்ட் ரெய்டருக்கு 5தான். அந்தப் பத்துப் பேர் டாங்கியைச் சுட்டு ஷாட்டை வீணாக்காமல் சுவருக்குப் பின்னாலிருந்து மார்க்கருக்கு 3 அங்குலத்துக்குள் போய் நிற்கட்டும்.

ஆடும்போது சண்டை மூட்டுவது அளவெடுப்புதான். “இவர்களை உன் டாங்கிக்குத் தெரியாதபடி நிறுத்துகிறேன், சரியா?” என்று நகர்த்தும்போதே கேட்டு ஒப்புக்கொள்ளுங்கள், பின்னால் அரை அங்குலத்துக்கு வாதம் வராது. உங்கள் படையின் எதிர்பாராத திறமைகளையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதிராளிக்குத் தெரியாத விதியால் ஜெயிப்பதில் ஆட்டமே இல்லை.

கோளாறு லிஸ்ட்டிலா, ஆட்டத்திறனிலா என்று சந்தேகம் வந்தால் படைகளை மாற்றிக்கொண்டு அதே மேசையில் மறுபடி ஆடுங்கள். டாங்கிப்படை யார் கையில் இருந்தாலும் ஜெயித்தால் லிஸ்ட்டைத் தளர்த்துங்கள். அந்த நண்பரே எந்தப் படையோடும் ஜெயித்தால் லிஸ்ட்டைத் தொடாதீர்கள், அவருக்கு 850 பாயின்ட், எதிராளிக்கு 1000 என்று ஆடுங்கள். சமமில்லாத படைகளோடு ஆட நம் கடலிலேயே முன்மாதிரி உண்டு. 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு அப்பால் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானின் 15 போர்க்கப்பல்கள் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் 18 கப்பல்களை எதிர்த்து நின்றன, ஹியூஸ்தான் மதராசுக்குத் திரும்பினார். அதுபோலச் சிறிய படைக்கு ஐந்தாம் ரவுண்டு முடியும்வரை ஓர் ஆப்ஜெக்டிவ்வை விடாமல் காத்தால் வெற்றி என்று வைத்து ஆடிப்பாருங்கள், டாங்கி நண்பரைச் சிறிய பக்கம் நிறுத்தி.