பில் போட்டாச்சு, பணம் வரல: சிறுதொழில் கேள்வி பதில்

கோவையில் சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு பார்த்து 20 வருடம் ஆகிறது. ‘தொழில் தொடங்குகிறவர்கள் கேளுங்கள்’ என்று சொன்னேன், குவிந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில்.

சென்னை, மென்பொருள்: நானும் நண்பனும் தொடங்குகிறோம். பிரைவேட் லிமிடெட்டா, எல்எல்பியா?

முதலீட்டாளர் பணம் போடப் போகிறாரா? அப்படியானால் பிரைவேட் லிமிடெட். இல்லையென்றால் எல்எல்பி, அதாவது பங்குதாரர்களின் கடன் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம், போதும். விற்பனை 40 லட்சத்தையோ மூலதனம் 25 லட்சத்தையோ தாண்டாதவரை அதற்கு ஆடிட் கட்டாயமில்லை. பிரைவேட் லிமிடெட்டில் ஒரு ரூபாய் விற்காவிட்டாலும் ஆடிட் உண்டு. வருடாந்திரப் படிவம் தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. வேலை நின்றுபோன கம்பெனியை மூடாமல் விட்ட ஒரு பையன் இரண்டு வருடம் கழித்து வந்தான். முதல் வருடப் படிவம் இரண்டுக்கு மட்டும் 1,46,000 ரூபாய். அந்தக் கம்பெனி மொத்தமாகச் சம்பாதித்ததே அவ்வளவு இருக்காது.

ஓசூர், மசாலாப் பொடி: ஜிஎஸ்டி எப்போது எடுக்க வேண்டும் சார்?

பொருள் விற்றால் வருடத்துக்கு 40 லட்சம், சேவை என்றால் 20 லட்சம் தாண்டும்போது. ஆனால் உங்கள் ஊருக்கு ஒரு வம்பு இருக்கிறது அக்கா. பொருள் மாநில எல்லை தாண்டினால் இந்த வரம்பெல்லாம் செல்லாது. பெங்களூரு கடைக்கு ஒரு பெட்டி போட்டாலும் முதலில் பதிவு.

கோவை, பம்ப் உதிரிபாகம்: மாதம் 6 லட்சத்துக்கு பில் போடுகிறேன். ஒரே பெரிய பார்ட்டி, 90 நாளுக்குக் குறைந்து பணம் வருவதில்லை. லாபம் இருக்கிறது, கையில் காசில்லை. ஏன்?

தம்பி, மற்றவர்கள் எதைப் பதிவு செய்வது என்று கேட்கிறார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறீர்கள்.

18 சதவீதப் பொருள் என்று வைத்துக்கொள்வோம். 1 லட்சத்துக்கு பில் போட்டால் வரி 18,000. 60,000-க்கு இரும்பு வாங்கியபோது நீங்கள் கொடுத்த வரி 10,800 அதில் கழியும். மீதி 7,200. உங்கள் 6 லட்சத்துக்கு அது 43,200. மார்ச் பில்லின் வரியை ஏப்ரல் 20-க்குள் கட்டியாக வேண்டும். பார்ட்டி கொடுத்தாரா என்று அரசு கேட்காது. மார்ச் பணம் ஜூனில் வருவதற்குள் ஏப்ரல் பில்லுக்கும் கட்டியிருப்பீர்கள். ஆக 86,400 ரூபாய் உங்கள் சொந்தக் காசு. அதற்கு மேல் கூலி, கரண்ட், மெஷின் தவணை. பார்ட்டிக்கு நீங்கள்தான் வட்டியில்லாத பேங்க்.

குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இருந்தால் சட்டம் உங்கள் பக்கம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதக் கூட்டு வட்டி.

திருப்பூரிலிருந்து ஒருவர் குறுக்கே: சட்டம் நல்லாத்தான் இருக்கு அண்ணே. போன வருடம் எங்க பார்ட்டி, “உத்யமை ரத்து பண்ணிட்டு வா, ஆர்டர் தர்றேன்”னார். வட்டி கேட்டவனுக்கு அடுத்த ஆர்டர் வருமா?

வராது. அதை மறுக்கவில்லை. அதனால்தான் வட்டி கேட்டு லெட்டர் போடச் சொல்லவில்லை.

2023-24 நிதியாண்டிலிருந்து, குறு, சிறு உற்பத்தியாளருக்குக் இந்தக் கெடு தாண்டி பாக்கி வைத்தால் வாங்குபவர் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். இதில் ஓட்டை எங்கே தெரியுமா? ஜூனில் தர வேண்டியதை டிசம்பரில் தந்தாலும் அதே வருடம் என்பதால் அவருக்கு வரி நஷ்டமில்லை. அவருக்கு உறைப்பது மார்ச்சில் மட்டும். வருடம் பூரா போன் எடுக்காத பர்சேஸ் மேனேஜர் மார்ச் 28-ல் தானே கூப்பிடுவார். பழைய பாக்கிப் பட்டியலை பிப்ரவரியிலேயே அனுப்பி வையுங்கள், சண்டையில்லாமல்.

திருப்பூர்: அப்ப மீதி 11 மாசம்?

நியாயமான கேள்வி. பார்ட்டியின் விற்பனை 250 கோடிக்கு மேலா? அப்படியானால் அவர் ட்ரெட்ஸ் என்ற, பில்லை முன்கூட்டியே பணமாக்கும் ஆன்லைன் தளத்தில் பதிந்திருக்க வேண்டும். அவர் பில்லை ஒப்புக்கொண்டதும் வங்கி கழிவு போக உங்களுக்குப் பணம் தரும். அவர் கட்டாவிட்டால் வங்கி உங்களைத் துரத்தாது. சின்ன பார்ட்டி என்றால் 30 சதவீத அட்வான்ஸ், இல்லையேல் விலையிலேயே 90 நாள் வட்டியை ஏற்றுங்கள். உறவே முறிந்தபின் கடைசியாகத்தான் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் எம்எஸ்எம்இ கவுன்சில். அங்கே தோற்றவர் கோர்ட்டுக்குப் போக, தீர்ப்பான தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

ஈரோடு, ஜவுளி மொத்த வியாபாரம்: எனக்கும் உத்யம் இருக்கிறது. 45 நாள் விதி உண்டா?

கிடையாது. வாங்கி விற்பவருக்கு உத்யம் வங்கிக் கடனுக்கு மட்டும்தான் உதவும்.

மதுரை: உத்யம் எடுக்க ஏஜென்ட் 3,000 கேட்கிறார்.

இலவசம். ஆதார், பான் இருந்தால் நீங்களே பதியலாம்.

சேலம்: ஜிஎஸ்டி எப்போது எடுக்க வேண்டும்?

ஓசூர் அக்காவுக்குச் சொன்னேன்.

வேலூர்: தொழில் பங்குதாரர் என் கையெழுத்தைப் போலியாகப் போட்டுவிட்டார், என்ன செய்வது?

வக்கீல். இன்றைக்கே.

திருச்சி: வரிப் பணத்தைக் கடைச் செலவுக்கு எடுத்துவிட்டு மாதக் கடைசியில் திருப்பி வைக்கலாமா?

எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அது உங்கள் காசில்லை. தனி வங்கிக் கணக்கு திறந்து, பணம் வந்த அன்றைக்கே வரியை அதில் தள்ளுங்கள். தாமதமானால் வருடத்துக்கு 18 சதவீதம் வட்டி.

நாமக்கல்: சார், ஜிஎஸ்டி எத்தனை லட்சத்துக்கு மேல்…

மேலே பாருங்கள் தம்பி. இன்று 18-ம் தேதி. என் மேசையில் இன்னும் 11 பேருடைய ரிட்டர்ன் கிடக்கிறது, அதில் நாலு பேர் பர்சேஸ் பில்லே அனுப்பவில்லை.