தொட்டது ஒரு சீட்டு, திரும்பியது மூன்று!

கணினி விளையாட்டுகளை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்ட் 3 மென்பொருளில் ஒரு நினைவாற்றல் விளையாட்டு செய்கிறேன். சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். மேலே இருக்கும் சீட்டைத் தொட்டால் அடியில் கிடக்கும் சீட்டுகளும் சேர்ந்து திரும்பிவிடுகின்றன. எங்கே தப்பு?
– கல்லூரி மாணவி, ஈரோடு

உங்கள் ஈவென்ட் (சில நிபந்தனைகளும், அவை பொருந்தினால் நடக்கவேண்டிய செயல்களான ஆக்‌ஷன்களும் சேர்ந்தது) பாதியில் நிற்கிறது. ‘ஆன் டச்டு ஆப்ஜெக்ட்’ என்ற நிபந்தனை, விரல் பட்ட இடத்தில் அந்த வகைச் சீட்டு எத்தனை இருந்தாலும் அத்தனையையும் பொறுக்கிக்கொண்டுவிடும், எது மேலே எது அடியில் என்று பார்க்காது. மவுஸுக்கான ‘ஆன் ஆப்ஜெக்ட் கிளிக்டு’ நிபந்தனையும் அப்படித்தான். நிபந்தனைகளை அடுக்கி வைத்த சல்லடைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் சல்லடையில் தங்கியதைத்தான் இரண்டாவது சலிக்கும், கடைசியில் மிஞ்சுவதன்மேல்தான் ஆக்‌ஷன் ஓடும். ஆகவே அதே ஈவென்ட்டில், தொடும் நிபந்தனைக்குக் கீழே ‘பிக் டாப்’ சேருங்கள். அதுவரை பொறுக்கியதில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ஒரு சீட்டு மட்டும் தங்கும்.

இங்கே வரிசை ரொம்ப முக்கியம். ‘சீட்டு மூடியிருக்கிறதா’ என்று பார்க்கும் நிபந்தனையும் உங்களிடம் இருக்கும் இல்லையா, அதை ‘பிக் டாப்’புக்கு முன்னால் வைத்துவிட்டால், ஏற்கெனவே திறந்து கிடக்கும் சீட்டை ஒருவர் தொடும்போது அந்தத் திறந்த சீட்டு சல்லடையில் தங்காமல் விழுந்துவிடும், அடியில் மறைந்திருக்கும் மூடிய சீட்டு ‘மேல் சீட்டு’ ஆகிவிடும், விளையாடுபவர் பார்க்கக்கூட இல்லாத சீட்டு திரும்பும். இந்தப் பிழை உடனே கண்ணில் படாது, நாலைந்து ஆட்டம் ஆடினால்தான் தெரியும். முதலில் தொடுதல், அடுத்து மேலே இருப்பது, அதற்கப்புறம் மூடியிருக்கிறதா. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இன்னொன்று. மெனு பலகை சீட்டுகளின்மேல் விரியும்போது, பலகையைத் தொட்டாலும் கீழே சீட்டு திரும்பும், ஏனென்றால் பலகை வேறு வகைப் பொருள். ‘மெனு திறந்திருக்கிறது’ என்று ஒரு குளோபல் வேரியபிள் (ஆட்டம் முழுக்கப் பொதுவான மதிப்பு) வைத்து, அது பொய்யாக இருக்கும்போது மட்டும் சீட்டு ஈவென்ட் ஓடும்படி செய்துவிடுங்கள்.

வீரன் எதிரிமேல் பட்டால் 10 உயிர் குறைய வேண்டும். மொத்தம் 100 வைத்திருக்கிறேன். பட்ட மாத்திரத்தில் செத்துவிடுகிறான். ‘ட்ரிகர் ஒன்ஸ்’ போட்டேன், இப்போது இரண்டாவது எதிரி வந்து மோதினால் உயிர் குறையவே இல்லை.
– வாசகர், திருநெல்வேலி

‘ஈஸ் ஓவர்லாப்பிங்’ போட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று இருக்கும்வரை அது ஒவ்வொரு டிக்கிலும், அதாவது திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு தரமும், உண்மை. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் திரையில் பத்தே டிக்கில், அதாவது ஆறில் ஒரு பங்கு நொடியில், 100 உயிரும் காலி. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

நிபந்தனை பொய்யிலிருந்து உண்மையாகும்போது ஒரே ஒரு தரம் ஓடவிடும் ‘ட்ரிகர் ஒன்ஸ்’ ஏன் உதவவில்லை என்பதையும் புரிந்துகொள்ளுங்கள், நிறைய பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள். அது ஒவ்வோர் எதிரிக்கும் தனித்தனியாகக் கணக்கு வைப்பதில்லை, முழு ஈவென்ட்டுக்கும் சேர்த்துத்தான் பார்க்கும். முதல் எதிரி ஒட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வந்தால், நிபந்தனை ஏற்கெனவே உண்மையாகத்தான் இருக்கிறது, நடுவில் ஒரு தரம்கூடப் பொய்யாகவில்லை, அதனால் மறுபடி ஓடாது.

வீரனுக்கு டைமர் பிஹேவியர் (நேரம் எண்ணும் கூடுதல் திறன்) கொடுங்கள். ‘வீரன் எதிரிமேல் படுகிறான்’, ‘அடி என்ற டைமர் ஓடவில்லை’ என்று இரண்டு நிபந்தனை. ஆக்‌ஷனில் 10 உயிரைக் குறைத்துவிட்டு, ‘அடி’ டைமரை 1 நொடிக்கு ஓடவிடுங்கள். எத்தனை எதிரி சூழ்ந்தாலும் நொடிக்கு ஒரு அடிதான் விழும், அந்த ஒரு நொடியில் தப்பி ஓட விளையாடுபவருக்கும் வழி கிடைக்கும். நெருப்புக் குழி மாதிரி, நின்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டிய இடமென்றால் டைமர் வேண்டாம், 10-ஐ டிடி-யால் (ஒரு டிக்குக்கு ஆகும் நேரம், நொடிக் கணக்கில்) பெருக்கிக் கழித்தால் போதும்.

இரண்டு குண்டு ஒரே நேரத்தில் இரண்டு எதிரிகள்மேல் பட்டால் குண்டின் வலிமை இடம் மாறிப்போகிறது, ஒன்றின் அடி மற்ற எதிரிக்கு விழுகிறது.
– வாசகர், மதுரை

இதுவும் ‘ஈஸ் ஓவர்லாப்பிங்’ செய்யும் வேலைதான். மோதிய குண்டுகள் எல்லாம் ஒரு குவியல், மோதிய எதிரிகள் எல்லாம் ஒரு குவியல் என்றுதான் அது பொறுக்கும், எந்தக் குண்டு எந்த எதிரிக்கு என்ற ஜோடி அதில் இருக்காது. மேலே, குண்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கும் ‘ஃபார் ஈச் குண்டு’ வைத்து, அதன் சப் ஈவென்ட்டாக (உள்ளே அடங்கிய ஈவென்ட்டாக) மோதும் நிபந்தனையைப் போடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே குண்டு, அது தொடும் எதிரி மட்டும். நெருக்கியடித்து நிற்கும் எதிரிகளில் ஒருவனுக்கு மட்டும் அடி விழவேண்டும் என்றால் கூடவே ‘பிக் நியரஸ்ட்’ சேர்த்து, குண்டின் எக்ஸ், ஒய் இரண்டையும் அதில் கொடுங்கள்.

படங்களுக்கு நடுவே இடைவெளி தெரிகிறது, ஆனாலும் மோதியதாகச் சொல்கிறது.
– பள்ளி மாணவர், சேலம்

மோதலைப் படம் தீர்மானிப்பதில்லை, அதைச் சுற்றி வரைந்திருக்கும் கொலிஷன் பாலிகன்தான் தீர்மானிக்கிறது. அனிமேஷன் எடிட்டரில் திறந்து புள்ளிகளை உடம்பை ஒட்டி இழுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனிப் பாலிகன் உண்டு, முதல் ஃபிரேமை மட்டும் சரிசெய்துவிட்டு விட்டால் வீரன் நடக்க ஆரம்பித்ததும் பழைய தொல்லை திரும்பி வந்துவிடும்.