ரைட்டிங்ல மட்டும் இடிக்குதா? இந்த தடவ வந்த கேள்விங்க

வெளிநாடு போக எழுதற இங்கிலீஷ் டெஸ்டுங்க, ஐஇஎல்டிஎஸ், அப்புறம் நர்ஸ், டாக்டர் மாதிரி ஆஸ்பத்திரி வேலைக்காரங்களுக்கான ஓஇடி, ரெண்டோட ரைட்டிங் பத்தித்தான் பேச்சு. கேள்வி எல்லாம் களியக்காவிளையில இருந்து கொழிஞ்சாம்பாறை வரைக்கும் கேரளா பார்டர் ஓரமாவே வந்திருக்கு, பாதிக்கு மேல நர்ஸ் பிள்ளைங்க. எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு, பேப்பர்ல இருக்கிற கேள்வியை ரெண்டு தடவ வாசிங்க. இத இன்னும் சொல்லுவேன்.

கேள்வி: சார், ஓஇடி ரைட்டிங்ல திரும்பத் திரும்ப சி பிளஸ்தான் வருது, 320, மத்த மூணும் (லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங்) பி. யுகே கனவு அவ்வளவுதானா? (களியக்காவிளை)

மக்களே, யுகே நர்சிங் கவுன்சில் ரைட்டிங்குக்கு சி பிளஸ், அதாவது 300 இருந்தா ஏத்துக்கிடும், மத்த மூணுலதான் பி வேணும். நீங்க பாஸ். எந்த நாட்டுக்கு போறீங்களோ அவங்க கவுன்சில் சைட்டை பாக்காம ஃபீஸ் கட்டாதீங்க.

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்ல டாஸ்க் ஒண்ணு முதல்லயா, ரெண்டு முதல்லயா? (செங்கோட்டை)

எது முதல்லன்னாலும் சரி, ஆனா டாஸ்க் ரெண்டுக்கு வெயிட்டேஜ் ரெண்டு மடங்கு. ஒண்ணுக்கு 20 நிமிஷம், ரெண்டுக்கு 40 நிமிஷம், தாண்டாதீங்க. டாஸ்க் ஒண்ணுல வந்த கிராஃபை அரை மணி நேரம் வர்ணிச்சிட்டு டாஸ்க் ரெண்டு எஸ்ஸேயை பாதியில விட்டவங்க கதை தினம் கேக்கேன்.

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்ல 6 வருது, 7 வேணும், என்ன பண்ணணும்?

அகாடமிக்கா ஜெனரலா, ரெண்டு வகை டெஸ்ட்ல எது, எந்த டாஸ்க்ல குறையுது, எழுதுன ஒரு எஸ்ஸேயாவது அனுப்பினீங்களா? ஒண்ணும் இல்ல. டாக்டர்கிட்ட போய் வலிக்குதுன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்தா மாதிரி இருக்கு. எழுதுனத அனுப்புங்க, பாக்கலாம்.

கேள்வி: கோச்சிங் சென்டர்ல ஒரு டெம்ப்ளேட் தந்தாங்க, அத அப்படியே பாடமாக்குனா 7 உறுதின்னாங்க, நிஜமா? (மார்த்தாண்டம்)

அந்த ஜெராக்ஸ் கட்டு இன்னும் ஓடுதா! திருவனந்தபுரத்துல ஒருத்தர் வாங்குனது பார்டர் தாண்டி இங்க வந்து, காப்பி மேல காப்பி எடுத்து எழுத்தே மங்கிப்போச்சு, ஆனா வரி மட்டும் மாறல, எந்த டாபிக் வந்தாலும் 'இன் திஸ் மாடர்ன் எரா'ன்னு தொடங்கி 'டபுள் எட்ஜ்டு ஸ்வார்டு'ல போய் நிக்கும். இந்த மாசம் திருத்துனதுல ஒண்ணு சொல்றேன். கேள்வி என்னன்னா, கிராமத்துல வேலை பாக்க டாக்டருங்க வர மாட்டேங்காங்க, காரணம் என்ன, என்ன செய்யலாம். பிள்ள எழுதுனது அட்வான்டேஜ், டிஸ்அட்வான்டேஜ், ஏன்னா டெம்ப்ளேட்ல அப்படித்தான் இருக்கு. டாக்டர் வராததுல என்ன அட்வான்டேஜ்? மார்க் நாலு தலைப்புல சமமா பிரியுது, அதுல முதல் தலைப்பே கேட்டதுக்கு பதில் சொன்னியான்னுதான், அங்கேயே போச்சு. இன்னொண்ணு, பாடமாக்குன வரி பளபளன்னு இருக்கும், அடுத்த வரியில 'பீப்பிள் இஸ்'னு வரும், திருத்துறவங்களுக்கு கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. முழு பதிலும் பாடமாக்குனதுன்னு நிரூபணம் ஆனா பூஜ்யம், எந்த மார்க் எதுக்குன்னு ஐஇஎல்டிஎஸ்காரங்க வெளியிட்ட பேண்ட் விவரத்துலயே போட்டிருக்கு. அதுக்கு பதிலா அஞ்சு நிமிஷம் யோசிங்க. ரெண்டு காரணம், ரெண்டு தீர்வு, சொந்த ஊர்ல இருந்து ஒரு உதாரணம் போதும். பேச்சிப்பாறைக்கு மேல மலைக் குடியிருப்புல ராத்திரி பிரசவ வலி வந்தா கீழ இறங்கித்தான் வரணும், இத சின்ன சின்ன வாக்கியத்துல எழுதுனாலே ஒரு பாரா ஆச்சு, அந்த ஜெராக்ஸ்ல இது கிடைக்குமா? காசு வாங்கிட்டு இத விக்கிறவங்கள என்ன சொல்றதுன்னே தெரியல.

கேள்வி: ஓஇடி கேஸ் நோட்ஸ்ல எவ்வளவு எழுதணும்? எல்லாம் முக்கியமாத்தான் தெரியுது. (கொழிஞ்சாம்பாறை)

கேஸ் நோட்ஸ்னா பேஷண்ட் பத்தின குறிப்பு, அத வச்சுத்தான் லெட்டர் எழுதணும். லெட்டர் யாருக்கு போகுதுன்னு முதல்ல பாருங்க. இடுப்பு ஆபரேஷன் முடிஞ்ச 70 வயசு அம்மா, வீட்டுக்கு வர்ற கம்யூனிட்டி நர்சுக்கு லெட்டர்னு வைங்க. தனியா இருக்காங்க, வீடு மாடியில, வாக்கர் வச்சு நடக்காங்க, காயத்துக்கு டிரெஸ்ஸிங் எப்போ, இதெல்லாம் வேணும். சின்ன வயசுல அப்பெண்டிக்ஸ் எடுத்தது அவங்களுக்கு எதுக்கு? எதுக்காக எழுதுறீங்கன்னு முதல் பாராவுலயே வந்திடணும், அதுக்கு தனி மார்க். 180ல இருந்து 200 வார்த்தை. முதல் அஞ்சு நிமிஷம் வாசிக்க மட்டும்தான், பேனாவ எடுக்கக் கூடாது, அந்த நேரத்துல எத விடணும்னு முடிவு பண்ணுங்க.

கேள்வி: கையெழுத்து கோழிக்கால், கம்ப்யூட்டர்ல எழுதலாமா? (குழித்துறை)

எழுதுங்க. வார்த்தை எண்ணிக்கையும் ஸ்கிரீன்லயே தெரியும். ஆனா டைப்பிங் பழகிட்டு போங்க, ஒத்த விரல்ல தட்டுனா நேரம் பத்தாது.

கேள்வி: ஐஇஎல்டிஎஸ்ல அரை மார்க்ல போச்சு, ரீவேல்யுவேஷன் போடலாமா? (பாறசாலை)

மத்த மூணும் நல்லா வந்து ரைட்டிங் மட்டும் திடீர்னு தொங்குனா போடலாம், ஆறு வாரத்துக்குள்ள, மார்க் ஏறுனா காசு திரும்பும். ஒரு ஸ்கில் மட்டும் திரும்ப எழுதற வசதி கம்ப்யூட்டர் டெஸ்ட்டுக்கு இருக்கு, 60 நாளுக்குள்ள, எல்லா இடத்துலயும் ஏத்துக்க மாட்டாங்க, கேட்டுட்டு கட்டுங்க.

கேள்வி: வர்ற சனிக்கிழமை எக்ஸாம், ரைட்டிங் இன்னும் தொடவே இல்ல, டிப்ஸ் பிளீஸ்.

தேதி மாத்த முடியுமான்னு இன்னைக்கே சென்டர்ல கேளுங்க. முடியாதுன்னா டாஸ்க் ரெண்ட 250 வார்த்தைக்கு குறையாம முடிச்சிட்டு வாங்க, கேள்வியை ரெண்டு தடவ வாசிச்சிட்டு.